விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு மூன்று நூல்கள்

செகந்திராபாத்தை அடுத்த போவன்பள்ளியில், மாற்றல் உத்தரவு வந்த தமிழ்க் குடும்பங்களில் ஜூன் நெருங்கினால் ஒரே ஆலோசனைதான்: பிள்ளையை உடன் அழைத்துச் செல்வதா, விடுதிப் பள்ளியில் சேர்ப்பதா? சேர்ப்பதென முடிவானால், பெட்டியில் துணிமணிகளோடு சில நூல்களையும் வைத்தனுப்பலாம். எனிட் பிளைட்டனின் ‘மலோரி டவர்ஸ்’ கதைகளை நாம் பரிந்துரைக்க வேண்டுவதில்லை. பிள்ளைகள் தாமே தேடிப் படித்துவிடுவர்.

தாமஸ் ஹியூஸ் 1857-இல் வெளியிட்ட ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்’ இவ்வகை நாவல்களுக்கு மூத்தது. ஹியூஸ் தாம் பயின்ற ரக்பி பள்ளியையே களமாக்கினார். நட்பும் கிரிக்கெட்டும் சுவையாக அமைந்துள்ளன. ஆனால் ஓரிடத்தில், ஃபிளாஷ்மன் என்னும் முரட்டு மாணவன் டாமைக் கணப்புத் தீயின் முன் பிடித்து வாட்டுகிறான். சுட்டவன் யாரென்று டாம் வாய் திறப்பதில்லை. நூல் அதனை ஆண்மையெனப் போற்றுகிறது. நமக்கு இதில் உடன்பாடில்லை. தொலைபேசியில் “நன்றாக இருக்கிறேன்” என்று மட்டும் கூறும் பிள்ளை இந்தப் பாடத்தைத்தான் கற்றுக்கொண்டதோ என்று பெற்றோர் ஐயுற வேண்டியிருக்கிறது.

ஆகவே அதனுடன் சார்லட் பிரான்டியின் ‘ஜேன் அயர்’ (1847) நாவலையும் வையுங்கள். இளையோருக்கு முதற் பத்து அத்தியாயங்களே போதும். தீய்ந்த கஞ்சியும் கடுங்குளிருமான லோவுட் பள்ளியில், பொறுத்துக்கொள் என்கிறாள் ஹெலன்; அநீதியை எதிர்த்தே ஆகவேண்டும் என்கிறாள் பத்து வயது ஜேன். நூலாசிரியை பயின்ற கோவன் பிரிட்ஜ் பள்ளியில் நோயுற்ற அவருடைய தமக்கையர் இருவர் 1825-இல் மாண்டனர். அச்சினம் இவ்வத்தியாயங்களில் இன்னும் ஆறவில்லை.

மூன்றாவது நூல் தமிழே: பாமாவின் ‘கருக்கு’ (1992). தன்வரலாறு என்பர், நாவல்போல் ஓடும். விடுதிச் சோறு உண்டு உடல் தேறியதற்காகக்கூட, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுமியர் விடுதித் தலைவியிடம் ஏச்சுக் கேட்கின்றனர். ரக்பியில் அடிப்பவன் மாணவன். இங்கு அடிப்பது சாதி. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார். எனினும் மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் மூலத்தையே சொல்வோம். அது பேச்சுத் தமிழில் எழுதப்பட்டது. தெலுங்கு நாட்டில் வளர்ந்து தமிழ் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கும், பெரியவர் ஒருவர் உரக்கப் படித்தால் பெரும்பாலும் விளங்கும். பள்ளி திறக்குமுன் இரவுக்குச் சில பக்கமாகப் படித்து முடித்துவிடலாம்.