ஏற்கும் பணியும் முழு நெஞ்சும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் ஹேடோத் துறையில் கப்பல் அணையும்போது அதன் விலாவை உற்று நோக்குங்கள். ஒரு வட்டமும், அதனை ஊடறுத்துச் செல்லும் கோடும், அருகே ஏணிப்படிகள் போன்ற சிறு கோடுகளும் தீட்டப்பட்டிருக்கும். இதற்கு மேல் நீரில் அமிழுமாறு சுமை ஏற்றலாகாது என்பது அவற்றின் பொருள். அளவு மீறிச் சரக்கேற்றிய கப்பல்கள் மூழ்கி மாலுமிகள் மாண்டது கண்டு பொறாத சாமுவேல் பிளிம்சால் என்னும் ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர் ஓயாது போராடியதன் பயனாக, 1876இல் அந்நாட்டில் இதற்குச் சட்டம் பிறந்தது. வேடிக்கை என்னவெனில், கோட்டை எங்கே இடுவதென்பதைக் கப்பலுக்கு உரியவரே முடிவு செய்யலாம் என்று அச்சட்டம் விட்டுவிட்டது! 1890இல் வந்த சட்டமே அவ்வுரிமையைப் பறித்தது. வெப்பக் கடலுக்கு ஒரு கோடு; குளிர்காலக் கடலுக்கு அதனினும் தாழ்ந்த கோடு. பருவம் கடுமையாயின் அதே கப்பல் குறைவாகவே சுமத்தல் வேண்டும்.

பொதுப்பணியில் நாம் இன்னும் 1876ஆம் ஆண்டில்தான் இருக்கிறோம். நம் கோட்டை நாமே இட்டுக்கொள்கிறோம். பொங்கல் விழாக் குழுவில் ஒரு பெயர். கோயில் திருப்பணியில் அதே பெயர். விளையாட்டுக் குழுவிலும் அதே பெயர். அழைப்பிதழில் தம் பெயர் வருவதை வெறுப்பார் யார்? ஆயினும், ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்க இசைந்த ஒருவர் மூன்றாம் ஞாயிறு வாராதொழிந்தால், பாய் விரித்துக் காத்திருந்த பிள்ளைகள் நான்காம் ஞாயிறு வருவதில்லை. கடைத்தெருவில் இந்தியே கேட்டு வளரும் தீவுப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் போனால் போனதுதான்.

“முழு நெஞ்சோடு செய்வதென்றால் உத்தியோகத்தை விட்டுவிட்டா வருவது?” என்று சிலர் கேட்கக்கூடும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் உத்தியோகத்தை விடவில்லை. 1880இல் அவர் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டே சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டோ என்று அவரை வினவினார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் மிகக் கற்றிருந்த ஐயர் அதனைக் கற்றிருக்கவில்லை. அதுவோ சமணக் காப்பியம்; அவரோ சைவ மடத்தின் சூழலில் பயின்றவர். குடந்தையில் வாழ்ந்த சமணர்களை அடைந்து கேட்டுக் கேட்டு ஐயம் தெளிந்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கினார். கல்லூரிக் கடமை குறையவில்லை. எஞ்சிய பொழுதும் விடுமுறையும் சிந்தாமணிக்கே ஆயின. நூல் வெளிவந்தது 1887இல்! அதன் பின்னரே பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல் வெளிவந்தன. 1919இல் ஓய்வு பெறும்வரை அவர் சம்பளத்திற்கு வகுப்பு நடத்தியவரே. தம் உரையோடு குறுந்தொகையை 1937இல் பதிப்பித்தபோது அகவை 82.

ஆள் குறைந்த குடியிருப்பு நம்முடையது என்பதை நான் மறக்கவில்லை. முழு நெஞ்சினர் மட்டும் வருக என்றால் மேடையில் நால்வர்கூட மிஞ்சமாட்டார்கள் என்று செயலாளர் அஞ்சக்கூடும். பணியைச் சிறிதாக்குங்கள் என்பதே என் விடை. ஞாயிறுதோறும் இயலாதா? மாதம் இரு ஞாயிறு என்று சொல்லுங்கள். பாடம் நடத்த வராதா? எழுத்துப் பயிற்சி மட்டும் கொடுங்கள். கப்பலேறிச் சென்னைக்குச் செல்லும் மாதத்தில் தமக்கு ஈடாக யார் வருவார் என்பதையும் முன்னரே சொல்லிவிடுங்கள். “என்னால் இவ்வாண்டு இயலாது” என்பவரைத் தமிழ்ப் பற்றற்றவர் எனத் தூற்றாதீர்கள்; அவர் வீட்டில் என்ன பருவமோ, யாரறிவார்? சோம்பலுக்கு இதனைப் போர்வையாக்குவோரும் உண்டு. அவர்களை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் வகுப்பிற்கு ஆசிரியர் வேண்டும் என்று இன்றிரவு இம்மேடையில் கைதூக்கச் சொல்லாதீர்கள். கைதட்டல் ஒலிக்கும் வேளையில் எல்லார் கையும் உயரும். ஏட்டை ஒரு வாரம் சங்கத்து மேசைமேல் வையுங்கள். ஆடவர் மனைவியரிடமும் பெண்டிர் கணவரிடமும் கலந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வேலைகளையும் எண்ணிப் பார்த்து, அதன் பின்னர் வந்து பெயர் எழுதட்டும்.