கேட்டு போட்டிருக்கும் நேரம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டு போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விட்ட ஒரு சாயங்காலம் அப்படி மாட்டிக்கொண்டு நின்றேன். சைக்கிளில் ஒரு பையன். பக்கத்து பஸ் ஜன்னலில் ஒரு பெண். கால் மணி நேரமாக அவன் செய்ததெல்லாம் சைக்கிள் மணியின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டியதுதான். கேட்டு திறந்ததும் வேறு எங்கோ பார்த்தபடி மிதித்துப் போய்விட்டான்.

நம் தொடர்களில் பதினைந்து வயசுப் பையன் இப்படியா இருக்கிறான்? மடை திறந்த மாதிரி வசனம் பேசுகிறான். அவன் விரும்பும் பெண் திரும்பிப் பார்ப்பதை மூன்று தடவை காட்டுகிறார்கள். விஜய் டிவியில் 2006இல் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ கொஞ்சம் பரவாயில்லை. பெஞ்சு, கேலி, அற்பச் சண்டை எல்லாம் அதில் நிஜமாக இருந்தன. காதல் என்று வந்ததும் அந்தப் பிள்ளைகளும் பெரியவர்களாகிவிடுவார்கள்.

இயக்குநர் பிரேம்குமாரின் ‘96’ படம் வேறு ஜாதி. 2018 அக்டோபரில் வெளியாகி, அந்தத் தீபாவளிக்கே சன் டிவியில் வந்துவிட்டது. எல்லாரும் விஜய் சேதுபதி, த்ரிஷா என்கிறார்கள். எனக்கு அந்தத் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம்தான் படம். அங்கே படிக்கும் ஜானு நெஞ்சில் கை வைத்ததும் உடன்படிக்கும் ராம் மயங்கி விழுகிறான். அவன் கேட்கும் அந்த ஒரு பாட்டை மட்டும் பள்ளி நாட்களில் அவள் பாடுவதே இல்லை. பிரிகிற நாளில் பேச வேண்டியதை விட்டுவிட்டு அவன் சட்டையில் மை தெளிக்கிறாள். பள்ளி வயசு ராமாகவும் ஜானுவாகவும் நடித்த ஆதித்யா பாஸ்கருக்கும் கௌரி கிஷனுக்கும் அதுதான் முதல் படம். கையை எங்கே வைப்பது என்று தெரியாத அந்தத் தவிப்பு நடிப்பா, கேமராவுக்குப் புதுசு என்பதாலா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே குறை. அந்த மௌனத்தை 22 வருஷம் பூஜை அறையில் வைத்துவிட்டார்கள். நிஜத்தில் பல பையன்களுக்கு அரைப்பரீட்சைக்குள் வேறு பஸ், வேறு ஜன்னல்!

அதே பிரேம்குமார் 2024இல் ‘மெய்யழகன்’ கதையை நம் நீடாமங்கலத்திலேயே வைத்தார். அந்த உரிமையில் தொடர் எழுதுகிறவர்களைக் கேட்கிறேன்: ஒருநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு எங்கள் கேட்டுக்கு வந்து நில்லுங்கள். வசனத்தாளை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.