ஸ்டேஷனைச் சுத்தி வீடு வரணும், பிளாட் கல் மட்டும் போதாது

(தர்மபுரி நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் நடுவே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1906-ல் வெள்ளைக்காரன் போட்ட பாதை. 1941-ல், போர் நேரத்தில், அவனே பிடுங்கிட்டுப் போயிட்டான். தாத்தா ஏறின ரயிலை பேரன் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கான். 2019-ல் 36 கிலோமீட்டர் புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டினாங்க. அது முடிஞ்சா, பெங்களூரு லைனில் இருக்கிற நம்ம தர்மபுரி சென்னை லைனோடு நேரா சேரும்.

அந்தப் பாதைக்கான போராட்டம் தொடரும். ஆனா இன்னைக்கு உங்ககிட்ட வேற ஒரு கேள்வி. ரயில் வந்தா ஸ்டேஷன் பக்கத்தில் யார் குடியிருக்கப் போறாங்க?

பாதை வருதுன்னு பேச்சு கிளம்பினாலே மாந்தோப்பில் பிளாட் கல் முளைக்குது. சென்ட் விலை ஏறுது. ஓசூர் கம்பெனிக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் போற நம்ம பையன் அங்கே வாங்க முடியாம, எட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் போறான். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வர டூவீலர், அதுக்குப் பெட்ரோல். விளைநிலமும் போச்சு, அவன் சம்பளமும் போச்சு!

மத்திய அரசே 2017-ல் ஒரு கொள்கை வெளியிட்டது. ஸ்டேஷனில் இருந்து 500 முதல் 800 மீட்டருக்குள், அதாவது நடந்து போற தூரத்தில், அதிக வீடுகள் கட்ட இடம் கொடுக்கணும்னு அது சொல்லுது. மெட்ரோ ஓடும் நகரங்களை மனசில் வெச்சு எழுதினதுதான். அதனால நமக்கு அது ஆகாதா என்ன?

இதுக்குப் பணமும் உண்டு. நகரத் திட்டமிடலைச் சீர்திருத்தும் மாநிலங்களுக்கு 50 வருஷ வட்டியில்லாக் கடன். 2023-24-ல் மட்டும் இதுக்குன்னு 15,000 கோடி ஒதுக்கினாங்க. 2024-ல் வந்த நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் 1 கோடி வீடு, வாடகை வீட்டுக்கும் அதில் ஒரு பிரிவு. எல்லாம் நம்ம வரிப்பணம். வீடு எங்கே கட்டுறாங்க என்பதுதான் நம்ம கேள்வி. ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கட்டுறவங்களுக்கு உதவித்தொகையைக் கூட்டிக் கொடுங்க. அங்கே கூடுதல் மாடிக்கு அனுமதி வாங்குறவர், அதில் ஒரு பங்கைக் குறைந்த வாடகைக்கு விடணும். இதுதான் நம்ம கோரிக்கை.

நம்ம பேரூராட்சிக்கெல்லாம் பத்து மாடி வேணாம். தரைத்தளத்தில் கடை, மேலே மூணு மாடி வீடு, அது போதும். நம்ம கடைவீதியில் அப்பவே அப்படித்தானே கட்டினாங்க?

ஒரு பயம் எனக்கும் இருக்கு, மறைக்கல. சென்னையில் கூவம், அடையாறு கரையில் இருந்த ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினாங்க. வீடு கிடைச்சுது, வேலைக்குப் போற தூரம் கூடிப்போச்சு. அதனால ஸ்டேஷனோரக் குடிசைக்காரருக்கு அதே இடத்தில் முதல் வீடுன்னு எழுத்தில் வந்தா மட்டுமே இந்தத் திட்டத்துக்கு நம்ம ஆதரவு.

நிர்வாகிகளுக்கு ஒரு வேலை. தர்மபுரி, மொரப்பூர், பாலக்கோடு ஸ்டேஷன்களைச் சுத்தி 800 மீட்டருக்குள் எவ்வளவு அரசு நிலம் சும்மா கிடக்குன்னு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. பதில் வந்ததும் மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டு வாங்க. அதைக் கையில் வெச்சுக்கிட்டு கலெக்டரைப் பார்ப்போம்.