முதல்நாள் பக்கத்து இடம்

தோழியரே,

மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்ற வைத்தியர்களான நாங்கள், வீடு எடுத்த பிறகுதான் பாடசாலை தேடினோம். அங்கே அரச பாடசாலைகளில் விண்ணப்பம் கூடினால் பெரும்பாலும் வீட்டுத் தூரம் பார்ப்பார்கள். செப்டெம்பரில் சேர, இடைநிலைக்கு முந்திய ஒக்டோபர் 31, ஆரம்பப் பிரிவுக்கு ஜனவரி 15 முடிவுத் திகதி. இடையில் போனால் வெற்றிடம் உள்ள பாடசாலைதான். ஆரம்பப் பிரிவிலேயே அக்காவும் தம்பியும் இரண்டு பாடசாலைகளுக்குப் பிரிந்தார்கள்.

பெறுபேறுகளைப் பார்த்தோம். கேட்டிருக்க வேண்டியது வேறு: "ஆங்கிலம் பேசத் தயங்கும் பிள்ளையை முதல்நாள் யாருக்குப் பக்கத்தில் இருத்துவீர்கள்?" அதற்குப் பதில் வைத்திருந்த பாடசாலையில்தான் எங்கள் பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.

அந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. 1995 இடப்பெயர்வில் இங்கே வந்த எங்களுக்கு, வாங்கில் நெருங்கியிருந்து இடம் தந்தவர்கள் நீங்கள்.