வேதமாணிக்கத்தின் பொறுமை

 

"இன்னல்களும் ஆவிக்குரிய வளர்ச்சியும்" என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று பவுலடியார் ரோமருக்கு எழுதியதை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் பொறுமை என்றால் வாய் மூடிக் கிடப்பது என்று பொருள் கொண்டுவிட்டோம். நம்மைத் தாழ்த்தியவர்களுக்கும் அப்பொருள் வசதியாக இருந்தது. சாதிக் கொடுமை கடவுள் தந்த சிலுவை அன்று. மனிதர் நம் தோளில் ஏற்றிய சுமை. அதைச் சுமந்தவாறே ஒருவர் எப்படி வளர்ந்தார் என்பதற்கு வேதமாணிக்கத்தின் வாழ்வே சான்று.

கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில், சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகாராசன். மன அமைதி நாடிச் சிதம்பரத்திற்கு யாத்திரை போனார். தேடியது அங்கே கிட்டவில்லை. திரும்பும் வழியில், நமக்கு வடக்கே உள்ள தஞ்சையில், கோலாஃப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். 1799 அளவில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

அமைதியைப் பெற்றவருக்கு ஊரில் அமைதி இல்லை. அந்நாளில் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோரிடம் கூலி கொடாமல் வேலை வாங்குவார்கள். அதற்கு ஊழியம் என்று பெயர். அந்தச் சூழலில், புதிய சமயத்தைத் தழுவியதற்கான துன்பமும் சேர்ந்துகொண்டது. தம் மக்களோடு தஞ்சைப் பக்கம் குடிபெயரவும் எண்ணினார். எனினும் மயிலாடியை விடவில்லை. போதகர் ஒருவரும் இல்லாத ஆண்டுகளில், தாம் கற்றதைத் தம் உறவினருக்குக் கற்பித்துவந்தார். கூலியற்ற ஊழியத்திற்குப் பிறந்தவர் தாமே விரும்பி ஏற்ற ஊழியம் அது!

அவருடைய அழைப்பை ஏற்று, இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் மயிலாடிக்கு வந்தார். ஆலயம் கட்ட அரசின் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. ரெசிடெண்டாக இருந்த கர்னல் மெக்காலேயின் துணை வேண்டியிருந்தது. (நம் பாடநூலில் வரும் கல்விக் குறிப்பு மெக்காலே வேறொருவர், மாணவர்கள் குழம்ப வேண்டாம்.) 1809இல் ஆலயம் எழுந்தது. அதன் அருகே பள்ளியும் நடந்தது. வழிபாட்டோடு எழுத்தும் நம் மக்கள் கைக்கு வந்தது என்பதைக் கல்விச் சங்கத்தார் சிறப்பாகக் கருத வேண்டும்.

1816இல் உடல் நலிந்த ரிங்கல்தௌபே விடைபெற்றார். சபைகளை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? வேதமாணிக்கத்திடம். 1818இல் மீட் ஐயர் வரும்வரை அவரே அவற்றைக் காத்தார். யாத்திரை போன இடத்தில் கோயிலுக்குள் நுழைய உரிமையற்றிருந்த குலத்தவர், சபைகளின் பொறுப்பாளராய் நின்றார்.

இளைஞர்களே, உங்களுள் மூவரேனும் வரும் ஞாயிறு முதல் நம் சங்கக் கட்டடத்தில் மாலை வகுப்பு எடுக்க முன்வர வேண்டும். கரும்பலகை நான் வாங்கித் தருகிறேன்.