கத்தரிச் செடிக்குக் கடற்பாசிச் சாறு



எங்கள் தோட்டப் பள்ளியின் பின்புறம் மாணவர்களோடு சேர்ந்து நான்கு பாத்தி கத்தரி போட்டோம். பூவும் பிஞ்சுமாக நின்ற வேளையில், ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு செடி தலை சாய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, இரண்டு வாளி கூடுதலாக ஊற்றினோம். ஒரு வாரத்தில் அந்த வரிசை முழுவதும் பச்சை இலையோடு வாடிச் செத்தது. நாங்கள் ஊற்றிய தண்ணீரே நோயை அடுத்த செடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது பிறகுதான் விளங்கிற்று. லயத்துப் பின்புறம் மிளகாய் போட்டுச் சந்தையில் விற்கும் தாய்மார்களுக்கு ஒரு பாத்தி போனால், பிள்ளையின் பஸ் காசே போனது போலத்தான்.

இதற்குப் பாக்டீரியா வாடல் நோய் என்று பெயர். எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் 1896-ஆம் ஆண்டில் இக்கிருமியை விவரித்தார். இது மண்ணில் தங்கியிருந்து, வேர்க் காயத்தின் வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் ஆதலால் மூன்றையும் தாக்கும். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுனை படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை இழை கீழே இறங்கினால் இந்த நோய்தான். பால்மரம் சீவிய கண்களுக்கு அது சட்டென்று பிடிபடும். மண்வழி நோய் நமக்குப் புதியதும் அல்ல. பழைய அடிக்கட்டையிலிருந்து ரப்பர் கன்றுக்குப் பரவும் வெள்ளை வேர் நோயைப் பெரியவர்கள் அறிவார்கள்.

வாடிய செடியைப் பிழைக்கவைக்க மருந்து கிடையாது. அப்படியானால் கடற்பாசி எதற்கு?

விருந்து நாளில் நாம் காய்ச்சும் அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவதுதான். "அதையே செடிக்கு ஊற்றலாமா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். எறும்புதான் வரும் என்றோம். ஆனால் பழுப்புப் பாசியிலுள்ள லாமினாரின், செம்பாசியிலுள்ள கராஜீனன் போன்ற பசைச் சத்துகளுக்கு வேறொரு குணம் உண்டு. இவை பட்டதும், கிருமி வந்துவிட்டது போலச் செடி தன் தற்காப்பு வேலையைத் தொடங்குகிறது. தடுப்பூசியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்புமை முழுவதும் பொருந்தாது. நோய்க்கு முன்பே கொடுக்க வேண்டும் என்பது மட்டும் பொருந்தும்.

கராச்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலர்ந்த பாசித்தூளை மண்ணில் கலந்து, வெண்டை முதலிய பயிர்களில் வேரழுகல் பூஞ்சைகளும் வேர்முடிச்சு நூற்புழுவும் குறைவதைக் கண்டனர். தமிழ்நாட்டில் மண்டபம் பகுதிப் பெண்கள் மூங்கில் தெப்பங்களில் கப்பாபைகஸ் என்ற செம்பாசியை வளர்க்கின்றனர். அதைப் பச்சையாகப் பிழிந்து சாற்றைப் பயிருக்கும், சக்கையைக் கராஜீனன் எடுக்கவும் பயன்படுத்தும் முறையைக் குஜராத்திலுள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம் வகுத்தது. நம் நாட்டில் சபா மாநிலத்துச் செம்போர்னாவிலும் இதே பாசி வளர்க்கப்படுகிறது.

சந்தையில் ஒருவர், வாடிய செடியும் நிமிரும் என்று சொல்லி ஒரு புட்டி விற்றார். நாங்களும் வாங்கி ஊற்றினோம். செடி நிமிரவில்லை. சாறு கிருமியைக் கொல்வதில்லை. கிருமி நிறைந்த பாத்தியில் அது மட்டும் செடியைக் காத்துவிடாது. ஆகவே நாற்றுப் பருவத்திலேயே, புட்டியில் எழுதியுள்ள அளவுக்குத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். நடும்போது வேரை அதில் நனைத்து நடுங்கள். அளவு கூடினால் பலன் கூடாது.

பாத்தியை உயர்த்திப் போடுங்கள். மழைநீர் தேங்கக் கூடாது. வாடிய செடியை வேர்மண்ணோடு எடுத்து அகற்றுங்கள். தயவுசெய்து கால்வாயில் எறியாதீர்கள்; அது அடுத்த வீட்டுப் பாத்திக்குப் போகும். மண்வெட்டியைக் கழுவுங்கள். அந்த இடத்தில் சோளம், பயற்றங்காய் என்று மாற்றிப் போடுங்கள். சுங்கைப்பட்டாணி, கூலிம் அடுக்குமாடிகளுக்குக் குடிபோனவர்கள் பாலித்தீன் பையில் நடும்போது பழைய பாத்தி மண்ணை நிரப்ப வேண்டாம். கைப்பழக்கம் உள்ளவர்கள் சுண்டைச் செடியின் அடியில் கத்தரியை ஒட்டுக்கட்டிப் பார்க்கலாம்; சுண்டை வேர் இந்நோயை நன்றாகத் தாங்கும்.

பள்ளியில் இப்போது புது இடத்தில் இரண்டு வரிசை நட்டிருக்கிறோம். ஒன்றுக்குச் சாறு, மற்றதற்கு வெறும் தண்ணீர். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் காலைதோறும் செடிகளை எண்ணி அட்டையில் குறித்து வருகிறார்கள்.