எதிரிக்கும் ஒரு வழக்குரைஞர்



ஆணவக்கொலை வழக்கில் கைதானவருக்காக ஒரு வழக்குரைஞர் எழுந்து நின்றால் நமக்குக் கோபம் வருகிறது. "இவனுக்கெல்லாம் வக்கீலா?" என்கிறோம். கோபம் நியாயமானது. ஆனால் இதே கேள்வியை நம்மைப் பார்த்தும் இந்தச் சமூகம் கேட்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

1934, பம்பாய். 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழில் பாலியல் கல்வி, கருத்தடை பற்றி எழுதிவந்த ர.தோ. கர்வே மீது ஆபாச வழக்கு. வாசகர்களின் சந்தேகங்களுக்கு அவர் அளித்த பதில்கள்தான் குற்றம். ஊரே முகம் சுளித்த அந்த மனிதருக்காக வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். கர்வே பிறப்பால் சித்பவன் பார்ப்பனர். அம்பேத்கருக்கு இதில் அரசியல் ஆதாயம் ஏதுமில்லை. பாலியலைப் பற்றி எழுதுவதாலேயே அது ஆபாசமாகிவிடாது, வக்கிரம் இருந்தால் அதை அறிவால்தான் போக்க முடியும் என்று வாதிட்டார். வழக்கு தோற்றது, கர்வேக்கு 200 ரூபாய் அபராதம்.

"கர்வே நல்லவர், சாதிவெறியர் அப்படியா?" என்று நீங்கள் கேட்கலாம். சரி, கோவைக்கு வருவோம். வழக்குரைஞர் ஒருவருக்கும் காவலர்களுக்கும் ஏற்பட்ட மோதலில், அந்தக் காவலர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்குரைஞர் சங்கம் தீர்மானம் போட்டது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது. அவை அரசமைப்புச் சட்டத்தின் 22(1) பிரிவுக்கும் தொழில் அறத்துக்கும் எதிரானவை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

காவலர்களுக்குச் சாதகமான தீர்ப்பு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். சிறு நகரங்களின் வழக்குரைஞர் சங்கங்களில் எந்தச் சாதிகளின் கை ஓங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கு வக்கீல் கூடாது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்தால், பொய் வழக்கில் சிக்கிய சேரி இளைஞனுக்காக நாளை யார் வருவார்?

அதேசமயம் கடமைக்கும் எல்லை உண்டு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது கடமை. சாட்சியை மிரட்டுவதும், கொல்லப்பட்டவர்களின் நடத்தையைத் தூற்றுவதும், ஜாமீனில் வந்தவருக்கு மாலை போடுவதும் வழக்குரைஞர் வேலை அல்ல. அவற்றை நாம் அம்பலப்படுத்தத்தான் வேண்டும்.

நம் வேலை வேறிடத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர் தன் கருத்தைச் சொல்லும் உரிமையைத் தருகிறது. 1995ஆம் ஆண்டு விதிகளின் 4(5), அவர் விரும்பினால் மூத்த வழக்குரைஞரை நியமிக்க மாவட்ட நிர்வாகத்துக்கு வழிவிடுகிறது. கோகுல்ராஜ் கொலை வழக்கில் அவருடைய தாய் போராடித்தான் வழக்கு மதுரைக்கு மாறியது, சிறப்பு அரசு வழக்குரைஞரும் கிடைத்தார். எதிர்த்தரப்பும் முழுமையாக வாதாடியது. 2022இல் யுவராஜுக்கு ஆயுள் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எதிர்வாதம் அனைத்தையும் கேட்ட பிறகு வந்த தண்டனை என்பதே அதன் பலம்.

சட்டம் படிக்கும் தோழர்களே, எதிரியின் வக்கீலைத் தடுக்க நாம் செலவிடும் ஆற்றலை, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பக்கம் நல்ல வக்கீல்களாக நிற்பதற்குச் செலவிடுவோம்.

ஜெய்பீம்.